தமிழ்ப்பள்ளியை மூடினால் மலேசியா ஒன்றாகிவிடுமா?

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் கேட்டது இது: "மலேசியாவில் மலாய்ப் பிள்ளைகள் ஒரு பள்ளி, சீனப் பிள்ளைகள் ஒரு பள்ளி, தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பள்ளி என்று ஏழு வயதிலேயே பிரித்துவிட்டு, அப்புறம் இனங்களுக்குள் ஒட்டுறவு இல்லை என்று கவலைப்பட்டால் எப்படி? எல்லாரையும் ஒரே பள்ளியில் உட்கார வைத்தால் ஒரு தலைமுறையில் சரியாகிவிடாதா?"

இங்கே தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கிளம்புகிற கேள்விதான். கேட்பவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். நான் இங்கே ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தியவன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள், சீனப்பள்ளியிலிருந்து வருபவர்கள், தேசியப் பள்ளியிலிருந்து வருபவர்கள் மூன்று தரப்பும் ஒரே வகுப்பில் வந்து உட்காரும் இடம் அதுதான். அங்கிருந்து பார்த்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிவது: தாய்மொழிப் பள்ளிகளை மூடினால் ஒற்றுமை வராது, ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் இருப்பதும் போகும். அதே சமயம் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறியாமல் வளர்கிறார்கள் என்ற கவலை உண்மையானது. அதற்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் ஏற்பாடு எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியில் இருக்கும் பலர் தமிழ்ப்பள்ளி என்றால் ஏதோ தனி நாடு மாதிரி நினைக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி என்பது முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை மட்டும்தான். அதற்கு மேல் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போய்த்தான் ஆக வேண்டும், எஸ்பிஎம் என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை மலாயில்தான் எழுத வேண்டும். இந்த ஆறு வருடத்திலும் பாடத்திட்டம் கல்வியமைச்சுடையது. மலாய்வழித் தேசியப் பள்ளியில் என்ன படிக்கிறார்களோ அதையே இங்கே தமிழில் படிக்கிறார்கள், மலாய் கட்டாயப் பாடம், ஆங்கிலமும் உண்டு. சபைக்கூடலில் நெகாராகூ என்ற தேசிய கீதம் பாடுகிறார்கள், ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டைச் சொல்கிறார்கள். சீனர்களுக்கு மட்டும், பெரும்பாலும் சமூகமே காசு போட்டு நடத்தும் தனியார் சீன இடைநிலைப்பள்ளிகள் 60 சொச்சம் இருக்கின்றன. அவர்களுக்கென்று 1975 முதல் தனித் தேர்வும் இருக்கிறது. தமிழர்களுக்கு அதுவும் இல்லை. ஆக, நாம் பேசிக்கொண்டிருப்பது ஆறு வருடத்தைப் பற்றி.

இந்தப் பள்ளிகள் வந்த கதையில்தான் விஷயமே இருக்கிறது. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதை மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆனால் பள்ளிகள் பரவியது ரப்பர்த் தோட்டங்களில். தோட்டத்தில் குறைந்தது பத்துப் பிள்ளைகள் பள்ளி வயதில் இருந்தால் நிர்வாகம் ஒரு பள்ளி நடத்தியாக வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதற்காக வெள்ளைக்கார துரை தமிழை வளர்க்க ஆசைப்பட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆள் வேண்டும், குடும்பத்தோடு வர வேண்டும், வந்தவர்கள் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது. ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், பல இடங்களில் கிராணியோ (எழுத்தர்) கங்காணியோதான் (கூலிகளின் மேற்பார்வையாளர்) வாத்தியார். பால்மரம் வெட்டுகிறவன் மகனுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும் என்ற அளவில்தான் அந்தக் கல்வி இருந்தது. நகரத்தில் ஆங்கிலப் பள்ளிகள், கிராமத்தில் மலாய்ப் பள்ளிகள், சீனர்கள் தாங்களே காசு போட்டுக் கட்டிய சீனப்பள்ளிகள், தோட்டத்தில் தமிழ்ப்பள்ளிகள். இனங்களைத் தனித்தனியாக வைத்தது அந்தக் காலனிப் பொருளாதாரம். பள்ளி அந்தப் பிரிவினையின் மேல்தான் வந்து உட்கார்ந்தது. இதை மறந்துவிட்டுப் பேசினால், பள்ளிதான் பிரித்தது போலத் தோன்றும்.

1951-இல் பார்ன்ஸ் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. மலாய், ஆங்கிலம் இரண்டு மொழிகளில் மட்டும் தேசியப் பள்ளி, மற்ற மொழிப் பள்ளிகள் காலப்போக்கில் மறைய வேண்டும் என்பது அதன் சாரம். குழுவில் மலாய்க்காரர்களும் ஐரோப்பியர்களும் இருந்தார்கள், ஒரு சீனரோ தமிழரோ கிடையாது. நண்பரின் யோசனை கிட்டத்தட்ட இதேதான், 70 வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. சீனர்கள் கொதித்தெழுந்தார்கள், இந்தியர்களும் எதிர்த்தார்கள். அப்புறம் 1956-இல், அப்போது கல்வியமைச்சராக இருந்த ரசாக்கின் பெயரில் ரசாக் அறிக்கை வந்தது. அதிலும் மலாய் மொழியே கடைசியில் முதன்மைப் பயிற்றுமொழியாக வேண்டும் என்ற இலக்கு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரசாக் ஒரு முக்கியமான காரியம் செய்தார்: மொழி எதுவாக இருந்தாலும் பாடத்தின் உள்ளடக்கம் ஒன்றாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். அதுவரை சீனப்பள்ளிகளில் சீனாவிலிருந்தும் தமிழ்ப்பள்ளிகளில் இந்தியாவிலிருந்தும் வந்த புத்தகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நாட்டு ஆறு, அந்த நாட்டு மலை, அந்த நாட்டு ராஜா. அது போய், எல்லாப் பிள்ளையும் மலாயாவைப் பற்றிப் படித்தது. என்னைக் கேட்டால் இந்த நாட்டின் ஒற்றுமைக்குக் கல்வித்துறை செய்த மிகப் பெரிய காரியம் இதுதான். மொழியைப் பிடுங்காமலே அதைச் செய்ய முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் அதற்குப் பின்னால் பயமும் சேர்ந்தே வந்தது. 1961 கல்விச் சட்டத்தில் 21(2) என்று ஒரு பிரிவு. கல்வியமைச்சர் நினைத்தால் எந்தத் தாய்மொழித் தொடக்கப்பள்ளியையும் தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்றது. 1996-இல் புதிய சட்டம் வரும்வரை 35 வருடம் அது இருந்தது. சீனக் கல்விக்காகப் போராடிய லிம் லியன் கியோக்கின் குடியுரிமையே 1961-இல் பறிக்கப்பட்டது. 1987-இல் சீன மொழிக்கல்வி பெறாதவர்களைச் சீனப்பள்ளிகளில் நிர்வாகப் பொறுப்புக்கு நியமித்த தகராறு பெரிதாகி, கடைசியில் ஓப்பராசி லாலாங் என்ற போலீஸ் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டார்கள். ஒரு சமூகத்தைத் தொடர்ந்து இப்படி அச்சத்தில் வைத்தால் அது தன் பள்ளியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சீனர்கள் விஷயத்தில் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது அது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "முன்பு எல்லா இனமும் ஒன்றாகப் படித்தோம், இப்போதுதான் பிரிந்துவிட்டோம்" என்று வயதானவர்கள் ஏக்கத்தோடு சொல்வார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகளை, மிஷன் பள்ளிகளை. அங்கே உண்மையிலேயே எல்லா இனப் பிள்ளைகளும் இருந்தார்கள், நானும் அந்த நட்புகளின் ஆழத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே போனது சிறு பகுதிதான். தோட்டத்துப் பிள்ளையும் கம்பத்து (மலாய்க் கிராமத்து) பிள்ளையும் அந்த வாசலைப் பெரும்பாலும் மிதித்ததில்லை. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970 முதல் வருடத்துக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலப் பள்ளிகள் மலாய்வழிக்கு மாறின, 1980களின் தொடக்கத்தில் அது முடிந்தது. தேசிய மொழிக்கு அந்த இடம் தேவைதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் நடுத்தரச் சீனக் குடும்பங்கள் அந்தப் பள்ளிகளில் தொடராமல் சீனப்பள்ளிக்குத் திரும்பின. 1980களிலிருந்து தேசியப் பள்ளிகளின் அன்றாடச் சூழலில் சமயத்தின் இடம் கூடக்கூட, மற்றவர்களுக்கு அது தங்கள் பள்ளி என்ற உணர்வு குறைந்துகொண்டே போனது.

அரசின் 2013–2025 கல்விப் பெருந்திட்டமே கணக்குச் சொல்கிறது. 2000-இல் சீனப் பிள்ளைகளில் 92 விழுக்காட்டினர் சீனப்பள்ளியில் இருந்தார்கள், 2011-இல் 96. இந்தியப் பிள்ளைகளில் தமிழ்ப்பள்ளிக்குப் போனவர்கள் 2000-இல் 47 விழுக்காடு, 2011-இல் 56. தேசியப் பள்ளிகளில் 94 விழுக்காட்டினர் பூமிபுத்ரா, அதாவது மலாய்க்காரர்களும் மற்ற பூர்வகுடிகளும். இந்த எண்களை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 2000-இல் இந்தியப் பெற்றோரில் பாதிக்கு மேல் தங்கள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவில்லை. தேசியப் பள்ளிக் கதவைத் தட்டி உள்ளே போனவர்கள் அவர்களில் நிறையப் பேர். அதற்கப்புறம் பதினோரு வருடத்தில் ஒரு பகுதி திரும்பி வந்திருக்கிறது. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பெற்றோர் தன் பிள்ளையை ஒரு பள்ளியிலிருந்து எடுக்கிறார் என்றால் அங்கே ஏதோ வலித்திருக்கிறது. தமிழ் வகுப்பு கேட்டு நின்று கிடைக்காமல் போனது ஒரு காரணம். தேசியப் பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் ஆசிரியர் இல்லை, கால அட்டவணையில் இடமில்லை, பள்ளி முடிந்தபின் பசியோடு உட்கார வேண்டும், பிறகு வருகை குறைந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். நடைமுறை இப்படித்தான் பல இடங்களில்.

இன்னொரு பக்கம், பிரிந்து படிப்பது தாய்மொழிப் பள்ளியில் மட்டுமா நடக்கிறது? 1972 முதல் மாரா என்ற அரசு அமைப்பு நடத்தும் அறிவியல் கல்லூரிகள் (பெயர்தான் கல்லூரி, விடுதியோடு கூடிய இடைநிலைப்பள்ளிகள்) பல வருடம் பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டுமே இருந்தன, பின்னால்தான் 10 விழுக்காடு மற்றவர்களுக்குத் திறந்தது. யுஐடிஎம் பல்கலைக்கழகம் இன்றும் பூமிபுத்ராக்களுக்கு. சமயப் பள்ளிகள் தனி. 2012-இல் அனைத்துலகப் பள்ளிகளில் மலேசியப் பிள்ளைகள் 40 விழுக்காடுதான் சேரலாம் என்ற வரம்பை எடுத்துவிட்டார்கள், வசதியுள்ள எல்லா இனத்தவரும் அங்கே போய்விட்டார்கள். ஒற்றுமைக்கு ஒரே பள்ளி வேண்டும் என்று பேசுகிறவர்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. கடைசியில் கைவைக்கச் சொல்வது எதில் என்றால், ஆறு வருடம் தமிழில் படித்துவிட்டு ஏழாவது வருடம் மலாய்ப் பள்ளிக்கு வந்துவிடுகிற பிள்ளையின் பள்ளியில்.

எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. சீனப்பள்ளிகளில் படிக்கும் மலாய்ப் பிள்ளைகள் 2010-இல் பத்து விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு, 2020-இல் 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று கல்வியமைச்சே நாடாளுமன்றத்தில் சொன்னது. கண்டிப்பு, கணக்கு, சீன மொழியால் வரும் வேலைவாய்ப்பு, இதுதான் அந்தப் பெற்றோரின் காரணங்கள். ஆக இன்றைய சீனப்பள்ளி, நாட்டின் பெரும்பாலான தேசியப் பள்ளிகளைவிடக் கலப்பாக இருக்கிறது. எந்தச் சட்டமும் செய்யாததைத் தரம் செய்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கு அப்படி மற்றவர்கள் வருவது மிகக் குறைவு, அது வேறு கதை.

மொழியை ஒன்றாக்கினால் நாடு ஒன்றாகிவிடும் என்பதை உலகத்தில் சோதித்துப் பார்க்காமல் இல்லை. மிக அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, மலேசியாவில் இந்த வாதம் பேசுகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே சிறுபான்மையாக இருப்பவர்கள் மலாய்க்காரர்கள். தாய்லாந்தின் தென்கோடி, பட்டாணி, யாலா, நராத்திவாட். 1909-இல் பிரிட்டனும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) போட்ட ஒப்பந்தத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் போன மலாய் மக்கள். 1930களின் கடைசியில் பிபுன் சொங்கிராம் ஆட்சி, எல்லாரும் தாய்லாந்து மொழி பேசி, தாய்லாந்து உடை உடுத்தி, ஒரே தேசமாக வேண்டும் என்று ஆணைகள் போட்டது. 1947-இல் ஹாஜி சூலோங் என்ற சமய அறிஞர் ஏழு கோரிக்கைகளை பாங்காக்கிடம் கொடுத்தார். அவற்றில் ஒன்று, தொடக்கப்பள்ளியில் மலாய் கற்பிக்க வேண்டும் என்பது. ஒரு பிள்ளை தன் அம்மா பேசும் மொழியில் முதல் நான்கு வருடம் படிக்க வேண்டும், அந்தக் கோரிக்கை அவ்வளவுதான். 1948-இல் கைது செய்தார்கள், 1954-இல் போலீஸ் அழைத்ததென்று போனவர் திரும்பவே இல்லை. அரசுப் பள்ளி தாய்லாந்து மொழியில் மட்டும் நடந்தது, மலாய்ப் பிள்ளைகள் அங்கே புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள் அல்லது சமயப் பள்ளிக்கு ஒதுங்கினார்கள். 2004-இலிருந்து அங்கே நடக்கும் வன்முறையில் 7,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். பள்ளிகளை எரித்தார்கள், எந்தக் குற்றமும் செய்யாத ஆசிரியர்களைச் சுட்டார்கள். அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் எழுபது வருட ஒரே மொழிப் பள்ளி அங்கே ஒற்றுமையைக் கொண்டுவரவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. கடைசியில் தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகம் 2007 வாக்கில் அங்கே சில பள்ளிகளில் பட்டாணி மலாயில் தொடங்கி மெதுவாகத் தாய்லாந்து மொழிக்கு நகரும் முறையைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பாடமும் நன்றாக வந்தது, தாய்லாந்து மொழியும் நன்றாக வந்தது. 2016-இல் யுனெஸ்கோ எழுத்தறிவுப் பரிசு அதற்குக் கிடைத்தது. தாய்மொழியில் காலூன்றிய பிள்ளை தேசிய மொழியையும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட அருகில் சாட்சி வேண்டியதில்லை.

சிங்கப்பூரை எடுத்துக்கொண்டு வருவார்கள். சரி, பார்ப்போம். அங்கே உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது, 1987 முதல் எல்லாப் பள்ளியும் ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்டது. இனங்கள் அமைதியாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அங்கே தேர்ந்தெடுத்த பொதுமொழி எந்த ஒரு பெரிய இனத்தின் மொழியும் இல்லை. கூடவே வீடமைப்பில் இன விகிதாசாரம், எல்லாருக்கும் கட்டாய ராணுவச் சேவை என்று எத்தனையோ ஏற்பாடுகள். பள்ளி மொழி மட்டும் செய்த வேலை அல்ல அது. விலையும் கொடுத்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அங்குள்ள இந்தியர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழை அரசே ஆட்சிமொழியாக வைத்து, பள்ளியில் பாடமாக நடத்தி, வானொலி தொலைக்காட்சி எல்லாம் கொடுத்தும் இந்த நிலை. பாடமாக மட்டும் இருக்கும் மொழிக்கும், கணக்கும் அறிவியலும் படிக்கும் மொழிக்கும் உள்ள வித்தியாசம் அது.

இலங்கையைச் சொல்லி எதிர்க்கேள்வி கேட்பவர்களும் உண்டு, அங்கே சிங்களவழி, தமிழ்வழி என்று பிரிந்து படித்ததால்தானே கடைசியில் யுத்தமே வந்தது என்று. பிரிந்து படித்து, ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் போனது உண்மையில் கேடுதான், அதை நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் தமிழர்களைத் தள்ளிவிட்டது 1956-இன் சிங்களம் மட்டும் சட்டமும், பல்கலைக்கழகம் புகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட, 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும். தமிழ்ப் பள்ளிக்கூடம் அதற்குக் காரணம் இல்லை. மலேசியாவில் அந்த முதல் கேடே இல்லாமல் இருக்கிறது, ஏனென்றால் எல்லாப் பிள்ளைக்கும் மலாய் முதலாம் ஆண்டிலிருந்தே கட்டாயம், இடைநிலைப்பள்ளி பெரும்பாலோருக்குப் பொது.

நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2019 டிசம்பரில் சில மலாய், முஸ்லிம் அமைப்புகள், தாய்மொழிப் பள்ளிகள் தேசிய மொழியைச் சொல்லும் அரசமைப்பின் 152-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று வழக்குப் போட்டன. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், 2022-இல் கோத்தா பாரு உயர் நீதிமன்றம், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எல்லாம் பள்ளிகளுக்குச் சாதகமாகவே தீர்ப்புக் கூறின. 2025 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்து, 2-1 என்ற கணக்கில் வழக்கை முடித்துவைத்தது. வாதத்தின் உயிர் எங்கே என்றால், அதே 152-ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழி என்று சொன்ன கையோடு, அலுவல் காரியம் தவிர வேறெதற்கும் மற்ற மொழியைப் பயன்படுத்துவதையோ, கற்பிப்பதையோ கற்பதையோ யாரும் தடுக்கக்கூடாது என்றும், மற்ற சமூகங்களின் மொழியைப் பேணிக் காக்க அரசுக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. நாடு பிறந்தபோது செய்துகொண்ட உடன்பாட்டின் பகுதி அது. ஒருவரை ஒருவர் நம்பிக் கையெழுத்துப் போட்டதை, எண்ணிக்கை கூடிவிட்டது என்று ஒரு தரப்பு மாற்றிக்கொள்ளலாம் என்றால் அப்புறம் எந்த ஒற்றுமை நிற்கும்? 2020 கணக்குப்படி நாட்டில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. இவ்வளவு சின்னக் கூட்டம் தன் மொழியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடிகிறதா என்பதில்தான் அந்த நாட்டின் உறுதி தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் பக்கத்துக் குறைகளைப் பேசாமல் போனால் அது நேர்மை ஆகாது. தமிழ்ப்பள்ளி முடித்து வரும் பிள்ளைகளில் ஒரு பகுதி மலாயில் தடுமாறுகிறது. எழுதச் சொன்னால் எழுதுவார்கள், மலாய் நண்பனோடு கேலி பேச, சண்டை போட, சமாதானமாக வார்த்தை வராது. மலாயில் தேறாதவர்கள் புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் கூடுதலாக உட்கார வேண்டும். நான் அந்த வகுப்பையும் எடுத்திருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பையன், கூடப் படித்தவனெல்லாம் முதல் படிவத்தில் (இடைநிலைப்பள்ளியின் முதல் வருடத்தில்) இருக்க, தான் மட்டும் இங்கே என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பான். கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பான், அது யார் கண்ணிலும் படாது. பள்ளியை விட்டு நின்றுவிடுகிறவர்கள் பலர் இந்த ஒன்றிரண்டு வருடத்தில்தான் நிற்கிறார்கள். கும்பல், போதை என்று போகிறவர்களும் இங்கிருந்துதான் நழுவுகிறார்கள். அதைத் தமிழ்ப்பள்ளியின் குற்றம் என்று ஒரு தரப்பும், இடைநிலைப்பள்ளியின் புறக்கணிப்பு என்று நம் தரப்பும் சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளை கையைவிட்டுப் போய்விடும். தமிழ்ப்பள்ளிக்கு மலாயைத் தாய்மொழியாகக் கொண்ட நல்ல மலாய் ஆசிரியர்களை அதிகம் கொடுங்கள் என்று நாமே கேட்க வேண்டும், கேட்பதற்கு நம்மில் சிலர் தயங்குகிறார்கள், பள்ளியின் தன்மை மாறிவிடும் என்று. மாறாது. ஆறு வருடம் நன்றாக மலாய் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் குறையாது.

நம் வீட்டுக்குள்ளேயே இன்னொரு சிறுபான்மையும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டங்களில் தெலுங்கர்கள், மலையாளிகள் நிறைய இருந்தார்கள், தெலுங்குப் பள்ளிகளும் இருந்தன. அவை போய், அந்தப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கே வந்தார்கள். இன்று அவர்களில் தங்கள் மொழியை எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அரிது. பள்ளி போனால் இரண்டு மூன்று தலைமுறையில் எழுத்து போய்விடும் என்பதை நாம் அவர்களிடம் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறிய என்ன செய்யலாம் என்பதற்கும் அனுபவம் இருக்கிறது. மூன்று வகைப் பள்ளியையும் ஒரே வளாகத்தில் வைக்கும் வாவாசான் (தொலைநோக்கு) பள்ளித் திட்டம் வந்தது. சுபாங் ஜெயாவில் டத்தோ ஓன் ஜாஃபார், துன் டான் செங் லோக், துன் சம்பந்தன் என்ற மலாய், சீன, இந்தியத் தலைவர்கள் மூவரின் பெயரில் மூன்று பள்ளிகள் ஒரே இடத்தில், திடலும் சிற்றுண்டிச்சாலையும் பொது. எனக்கு அந்த யோசனை பிடிக்கும். சீனக் கல்வி அமைப்புகள் எதிர்த்தன, மெல்ல மெல்ல ஒரே பள்ளியாக்கி விழுங்கிவிடுவார்கள் என்ற பயம், 21(2) அனுபவத்துக்குப் பிறகு அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை. மொழி உரிமையைச் சட்டத்தில் உறுதியாகக் கொடுத்துவிட்டு இதைச் செய்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். 1980களில் தொடங்கிய ரிமுப் என்ற ஒருங்கிணைப்புத் திட்டமும் உண்டு. வருடத்துக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சி, புகைப்படம், அறிக்கை, அதோடு சரி. பிள்ளைகளுக்குள் நட்பு வர வாரா வாரம் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரே கால்பந்துக் குழு, ஒரே சாரணர் படை, ஒரே இசைக்குழு என்று வைத்தால் நடக்கும். பள்ளிக்குப் பள்ளி போட்டி வைத்துப் பிரிப்பதற்குப் பதிலாகக் கலந்த குழுக்களாகப் போட்டி வைக்கலாம். பெரிய செலவு இல்லை, ஒரு மாவட்டக் கல்வி அதிகாரி மனது வைத்தால் போதும். தேசியப் பள்ளிகளில் தமிழையும் சீனத்தையும் பள்ளி நேரத்துக்குள்ளேயே, எல்லா இனப் பிள்ளைகளுக்கும் திறந்து, முறையாக நடத்தினால் அந்தப் பள்ளிகளுக்கும் பழைய கலப்பு கொஞ்சமாவது திரும்பும்.

தமிழ்ப்பள்ளிகளின் இடப்பிரச்சினையைத் தீர்ப்பது எல்லாவற்றையும்விட அவசரம் என்பேன். சுதந்திரத்தின்போது 888 இருந்த தமிழ்ப்பள்ளிகள் இப்போது 530-க்குள். பல பள்ளிகள் தோட்டத்துக்காரர் நிலத்தில் கட்டப்பட்டவை, அதனால் அரசு அவற்றை முழு உதவி பெறும் பள்ளியாக ஏற்காமல் பாதி உதவியோடு வைத்திருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, தோட்டங்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே வாங்கத்தான் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், அப்படிக் காப்பாற்ற முடிந்தது ஒரு பகுதியைத்தான். குடும்பங்கள் பட்டண ஓரத்துக் குறைந்தவிலை அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன, பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில் பத்து இருபது பிள்ளைகளோடு நிற்கிறது. அதே நேரம் நகரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் இடம் இல்லை, வகுப்பறைகள் நெருக்குகின்றன. பிள்ளை இல்லாத பள்ளியின் உரிமத்தைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு மாற்ற வழி இருக்கிறது, சில பள்ளிகள் அப்படி மாறி நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு நடக்கவும் செய்கின்றன. ஆனால் நிலம் வேண்டும், மாநில அரசு, கல்வியமைச்சு, வீடமைப்பு நிறுவனம், பள்ளி வாரியம் நான்கும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்குள் பத்து வருடம் ஓடிவிடும். புதிய வீடமைப்புத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே தேசியப் பள்ளிக்கு நிலம் ஒதுக்குவது போல, அங்கே குடியேறப் போகிறவர்களின் கணக்கைப் பார்த்து, அதன் அருகிலேயே தமிழ்ப்பள்ளிக்கும் சீனப்பள்ளிக்கும் நிலம் ஒதுக்க வேண்டும். மூன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒரே குடியிருப்பிலிருந்து ஒரே சாலையில் நடந்து வருவார்கள், மாலையில் ஒரே திடலில் விளையாடுவார்கள்.